வாய் கட்டிய பை

கிளம்புவதற்கு முந்தைய வாரத்தில் அக்கா என்னை மறுபடியும் ‘டீச்சர்’ என்று கூப்பிட ஆரம்பித்தார்.

முதல் இரண்டு நாட்கள் அது என் காதில் விழவே இல்லை. பள்ளியில் பிரியாவிடை ஏற்பாடுகள், திருத்தி முடிக்க வேண்டிய விடைத்தாள்கள், விமானத்தில் எவ்வளவு எடை விடுவார்கள் என்ற கவலை. இவ்வளவுக்கும் நடுவில் ஒருவர் நம்மை எப்படிக் கூப்பிடுகிறார் என்பதையா கவனிப்போம்? ஆனால் அந்த வீட்டில் ஏழெட்டு மாதமாக நான் ‘தங்கச்சி’யாக இருந்தவள்.

நான் திருச்சியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். ஓர் அறக்கட்டளையின் ஏற்பாட்டில், கண்டியில் ஒரு தமிழ்ப் பள்ளியின் உயர்தர வகுப்புக்கு, நம் பிளஸ் டூ மாதிரி, உயிரியல் சொல்லிக்கொடுக்க ஒரு வருட விடுப்பில் போயிருந்தேன். மஹய்யாவ பக்கம் ஒரு வீட்டின் மாடியறை வாடகைக்குக் கிடைத்தது. வீட்டுக்கார அம்மா மாநகரசபையில் கிளார்க். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அதனால் நான் முதல் நாளிலிருந்தே அக்கா என்றேன். அவர் கணவர் வத்தேகமயில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். ஒரே மகள், என் வகுப்பு மாணவி. மாடியிலிருந்து வெளிப்பக்கமாக ஒரு படிக்கட்டு இறங்கி, சமையலறையின் பின்வாசலில் முடியும். போக வர எனக்கு அதுதான் வழி.

அங்கே அறை எடுத்திருக்கிறேன் என்று சொன்னபோது ஆசிரியர் அறையில் ஒருவர் புருவத்தை உயர்த்தினார். “மஹய்யாவலயா? வேற இடம் கிடைக்கலையா மிஸ்?” நகரத்தின் தெருக்களைக் கூட்டிச் சுத்தம் செய்யவென்று இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கும் பகுதி அது. எனக்கு அப்படியெல்லாம் கிடையாது என்று சிரித்தபடி பதில் சொன்னேன். சொல்லிவிட்டு அன்று முழுவதும் என்னைப் பற்றி எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை இப்போது நினைத்தாலும் முகம் சுடுகிறது.

என் மகள் திருச்சியில் அப்பாவுடன் இருந்தாள். பிளஸ் டூவுக்குப் போகிற பெண்ணை விட்டுவிட்டு வந்த குற்ற உணர்ச்சியில் காலை, மதியம், இரவு என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பேன். சாப்பிட்டாயா, தலை காய்ந்ததா, டியூஷனுக்கு யார் கூட்டிக்கொண்டு போனார்கள், ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கிறது. அக்கா பின்வாசலில் தேங்காய் துருவிக்கொண்டே இதையெல்லாம் கேட்பார். “அந்தப் புள்ளைக்கு மூச்சு விடவாவது நேரம் குடுங்க டீச்சர்” என்பார். அவரும் ஒரு பெண்ணைப் பெற்றவர்தான், ஆனால் அவருக்கு என்னைப் போலப் படபடப்பு கிடையாது. அவர் பெண் மழையில் நனைந்து வந்தால் துவாயை எடுத்து எறிவார், அவ்வளவுதான்.

கோடை விடுமுறைக்கு மகள் கண்டிக்கு வந்தாள். வந்த இரண்டாம் வாரம் காய்ச்சல் கண்டது. டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரியில் எல்லாம் சிங்களம். எனக்கு ‘எத்தனை ரூபாய்’, ‘இங்கே இறக்கிவிடுங்கள்’ தவிர ஒன்றும் தெரியாது. நர்ஸ் எதையோ கேட்க, நான் விழிக்க, பக்கத்தில் நின்ற அக்கா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டார். சொந்தக்காரர்கள் மட்டும்தான் உள்ளே நிற்கலாம் என்று அக்காவைத் தடுத்தபோது என் தோளைப் பிடித்து நர்ஸிடம் “மகே நங்கி” என்றார். என் தங்கை என்று அர்த்தம் என்பதை அந்த நர்ஸின் முகம் இளகியதிலிருந்து நானே புரிந்துகொண்டேன். அன்றிலிருந்து தமிழிலும் நான் அவருக்குத் தங்கச்சி.

மகளின் ரத்தத்தில் பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போன நாட்கள் அவை. நான் நடைவழியில் உட்கார்ந்து அழுதுகொண்டே இருந்தேன். அக்கா வீட்டிலிருந்து கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து, மகளுக்கு ஊட்டிவிட்டு, மிச்சத்தை என் கையில் திணித்தார். “அழுதா பிளேட்லெட் ஏறும்னு டொக்டர் சொன்னா சொல்லு தங்கச்சி, நானும் கூட ஒக்காந்து அழறேன். இல்லேன்னா இதக் குடி.”

அந்த நடைவழியில்தான், என்னைப் பேச்சில் வைத்திருப்பதற்காக இருக்கலாம், தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார். அவர் அம்மா அதே மாநகரசபையில் தெருக் கூட்டியவர். பெரிய வீடுகள் உள்ள தெரு ஒன்று அவர் பொறுப்பு. தீபாவளிக்கு முந்தைய நாட்களில் ஒவ்வொரு வீட்டுக்காரியும் பின்கேட்டுக்கு அவரைக் கூப்பிட்டு, பழைய சேலைகளை மூட்டையாகக் கட்டிக் கொடுப்பாள். அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு “நல்லா இருங்க நோனா” என்பார், நோனா என்றால் எஜமானியம்மா. வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் தள்ளுவார். ஒரு மூட்டையையும் அவிழ்த்ததே இல்லை. பிள்ளைகள் கேட்டால், “வாங்கலேன்னா கோவிச்சுக்குவாங்க. அவுத்தா நாம கட்டணும்” என்பாராம். அம்மா செத்த பிறகு கட்டிலை நகர்த்தியபோது அத்தனையும் அப்படியே இருந்தன. ஒவ்வொரு முடிச்சும் ஒவ்வொரு விதம், கட்டிய கைகள் வேறு வேறு. “நகரசபைக் குப்ப வண்டி வந்துச்சு. அதுலயே தூக்கிப் போட்டோம். அந்த வண்டிக்குத்தானே அம்மா வேல செஞ்சாங்க” என்று அக்கா சொல்லிச் சிரித்தார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அன்று இரவே திருச்சிக்குத் தொலைபேசியில் பேசும்போது என் கணவரிடம் சொன்னேன், எவ்வளவு மானமுள்ள பொம்பளை பாருங்க என்று. கேட்டேன், அழுதேன், அடுத்தவருக்கும் சொன்னேன். ஒரு கதையைக் கேட்டதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

மகள் பிழைத்தாள். அவளை ஊருக்கு அனுப்பும் முன்னால் இரண்டு பெண்களும் ஒரு திட்டம் போட்டுவிட்டார்கள். பொங்கலுக்கு அக்காவும் அவர் மகளும் திருச்சிக்கு வருவது, எங்கள் வீட்டில் தங்குவது. அக்காவின் தாத்தா துறையூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். அந்த ஊரின் பெயரைத் தவிர அவர்களிடம் வேறு ஒன்றும் இல்லை. அங்கே போனால் யாரும் இருக்க மாட்டார்கள் என்று தெரியும், இருந்தாலும் ஒரு தடவை பஸ்ஸிலிருந்து இறங்கி நின்று பார்க்கணும் என்றார் அக்கா. சமயபுரத்துக்கு ஒரு வேண்டுதலும் இருந்தது. கேட்டதற்கு, என் மகளுக்குக் காய்ச்சலாக இருந்தபோது நேர்ந்துகொண்டது என்று சொன்னார். பாஸ்போர்ட் எடுத்தார்கள். சக்கரம் வைத்த பெட்டி ஒன்று வாங்கி வரவேற்பறையிலேயே நிறுத்தி வைத்தார்கள். அவர் கணவர் கடைக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பெட்டிக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போவார். “ஒங்க அக்கா ஊர் பாக்கப் போறா, நான் இங்க பருப்பு நிறுத்துக்கிட்டு இருக்கேன்.”

இவ்வளவும் சொன்னால்தான் நான் செய்தது என்னவென்று புரியும்.

கிளம்ப ஒரு வாரம் இருந்தபோது பெட்டி கட்ட உட்கார்ந்தேன். புத்தகங்கள், மாணவர்கள் கொடுத்த பரிசுகள், தேயிலைப் பொட்டலங்கள். எடை ஏறிக்கொண்டே போனது. தினமும் பள்ளிக்குக் கட்டிய சேலைகளைத் தனியாக எடுத்து வைத்தேன். கைத்தறிச் சேலைகள், சாயம் கொஞ்சம் மங்கியிருந்தாலும் கிழிசல் ஒன்றும் இல்லை. ஒரு பெரிய துணிப்பையில் அடுக்கினேன். வாய் பிரிந்து பிரிந்து வந்தது. துணிக்கொடி கட்டியது போக மிச்சமிருந்த பச்சை நைலான் கயிற்றை எடுத்து இறுக்கிக் கட்டினேன். பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினால் பின்வாசலில் அக்கா நின்றார், கையெல்லாம் தேங்காய்ப் பால்.

“அக்கா, இதெல்லாம் எனக்கு வெயிட் ஆயிடும். நல்ல சேலைதான். நீங்க கட்டுங்க, இல்ல யாருக்காவது குடுத்துடுங்க.”

அவர் கையைத் துவாயில் துடைத்தார். இரண்டு கையாலும் பையை வாங்கிக்கொண்டார்.

“நல்லா இருங்க டீச்சர்” என்றார்.

நான் மேலே போனேன். பெட்டி லேசாகிவிட்டது. எனக்கும் மனது லேசாக, நிறைவாக இருந்தது. திருச்சியில் எங்கள் தெருவைக் கூட்ட வரும் அம்மாவுக்கு ஒவ்வொரு தீபாவளிக்கும் இப்படித்தான் ஒரு பை கட்டுவேன், பின்பக்கம் கூப்பிட்டுக் கொடுப்பேன், கொடுத்த பிறகு இதே நிறைவு வரும். எது யாருக்குப் போக வேண்டும் என்று எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்ததில்லை. என் கைக்கு அது தெரிந்திருந்தது. ஒரு வருடம் சாப்பிட்ட வீட்டிலும் அந்தக் கை தன் வேலையைச் செய்துவிட்டது.

மறுநாள் பள்ளியில் பிரியாவிடை. பிள்ளைகள் வெற்றிலைக் கட்டோடு வரிசையாக வந்து காலில் விழுந்தார்கள். கூட்டத்தில் பேசிய ஒருவர், உயர்வு தாழ்வு பார்க்காமல் நம் வீடுகளில் ஒருத்தியாகத் தங்கியவர் என்று என்னைப் பற்றிச் சொன்னார். கை தட்டினார்கள். அக்காவின் மகளும் வரிசையில் வந்தாள். குனிந்து எழுந்தபோது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிரிவு வருத்தம் என்று நினைத்து அவள் கன்னத்தைத் தட்டினேன்.

அதற்கடுத்த நாள் என் மகள் கூப்பிட்டாள். நான் வழக்கமான கேள்விகளைத் தொடங்கும் முன்பே அவள் கேட்டாள்.

“அம்மா, கண்டிப் பெரியம்மா பொங்கலுக்கு வரலையா?”

“ஏன்டி, வர்றாங்களே.”

“பெரியம்மா பொண்ணு மெசேஜுக்குச் சரியாவே பதில் போட மாட்டேங்கறா. கேட்டா ‘பார்ப்போம்னு அம்மா சொல்றாங்க’ன்னு போடறா. டிக்கெட் பாக்கறதா இருந்தோம்மா. என்னாச்சு?”

ஒன்றும் ஆகவில்லை என்றேன். ஆனால் அதன் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடையில் ஏதாவது பிரச்சினையா, அக்காவுக்கு உடம்பு சரியில்லையா என்று என் வழக்கப்படி பத்து விதமாகப் பயந்தேன். அப்போதுதான் கவனித்தேன், வரவேற்பறையில் நின்ற சக்கரப் பெட்டியைக் காணோம். அக்கா என்னைக் கடைசியாக எப்போது தங்கச்சி என்று கூப்பிட்டார் என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை. சாப்பாடு வழக்கம் போலத்தான் வந்தது, இடியாப்பமும் சொதியும், ஒரு குறையும் இல்லை. “வச்சிருக்கேன் டீச்சர், ஆறிரும்” என்பார். முகம் கூடச் சிரித்தபடிதான் இருந்தது.

அன்று சாயங்காலம் இஸ்திரிப் பெட்டி வாங்கக் கீழே போனேன். “ரூம்ல அலுமாரிக்குப் பக்கத்துல இருக்கு டீச்சர், எடுத்துக்குங்க” என்று சமையலறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. இஸ்திரிப் பெட்டியை எடுக்கக் குனிந்தவள் நிமிரும்போது அலுமாரியின் மேலே அந்தப் பையைப் பார்த்தேன். சக்கரப் பெட்டியும் அங்கேதான் இருந்தது, பக்கத்திலேயே. பச்சைக் கயிறு. நான் போட்ட இரட்டை முடிச்சு, நான் இழுத்துவிட்ட நுனிகள். யாரும் தொடவே இல்லை.

அங்கே ஒரு கதிரை இருந்தது. அதில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரி நடைவழியில் அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அப்போது திரும்பி வந்தது. பின்கேட். இரண்டு கை. நல்லா இருங்க. அவுத்தா நாம கட்டணும். அவர் என்னைக் குத்திக்காட்டவென்று அந்தச் சொற்களைச் சொன்னாரா, இல்லை அவர் அம்மாவின் வாய் அவர் வாயில் தானாக வந்ததா, இன்று வரை எனக்குத் தெரியாது. பின்னதாக இருந்தால் அது இன்னும் மோசம்.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ, அக்கா வாசலுக்கு வந்து பார்த்தார். என் கண் எங்கே இருக்கிறது என்பதைப் பார்த்தார்.

“அக்கா, அந்தப் பை...” என்றேன்.

“இருக்கட்டும் டீச்சர். அங்க எடம் இருக்கு.”

அவ்வளவுதான். இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினேன்.

தப்பு செய்தவர்கள் அடுத்துச் செய்யும் காரியம் பெரும்பாலும் அதைவிட மட்டமாக இருக்கும். மறுநாள் மழையில் டவுனுக்குப் போய், கடை கடையாக ஏறி இறங்கி, அங்கே கிடைத்ததிலேயே நல்ல பட்டுச் சேலை ஒன்றை வாங்கினேன். விற்பனைப் பெண் யாருக்கு என்று கேட்டாள். அக்காவுக்கு என்றேன். கல்யாணமா என்றாள். இல்லை, நான் ஊருக்குப் போகிறேன் என்றேன். ஊருக்குப் போகிறவளுக்கு அல்லவா அக்கா எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் பெட்டியில் போட்டாள்.

கிளம்பும் நாள் மதியம் கீழே விருந்து. அவர் கணவர் கடைக்குப் போகாமல் இருந்தார். நான் சேலைப் பெட்டியைத் தட்டில் வைத்து, பூ, குங்குமத்தோடு, இந்தத் தடவை வீட்டின் முன்பக்கமாகச் சுற்றி வந்து வரவேற்பறையில் வைத்துக் கொடுத்தேன். அப்படிச் சுற்றி வந்ததே எவ்வளவு வெளிப்படையாக இருந்திருக்கும் என்பது கொடுக்கும்போதுதான் தோன்றியது. அக்கா வாங்கிக்கொண்டார். எல்லோர் முன்னாலும் பெட்டியைத் திறந்தார். மடிப்பைப் பிரித்துத் தோளில் போட்டுக்கொண்டு கணவரைப் பார்த்து, “எப்படி இருக்கு?” என்றார்.

“திருச்சியில எறங்கறப்ப இதக் கட்டிக்க. கவர்னர் வந்து கூட்டிட்டுப் போவாரு” என்றார் அவர்.

“பார்ப்போம்” என்றார் அக்கா, மடித்துக்கொண்டே.

அப்புறம் அவர் உள்ளே போய் ஒரு தட்டோடு வந்தார். மஞ்சள், வெற்றிலை பாக்கு, தேங்காய், அரக்கு நிறத்தில் ஒரு சேலை. சேலைக்கு மேலே தைத்து முடித்த ரவிக்கை. “அளவு சரியா இருக்கும்” என்றார். எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. ஒரு மாதத்துக்கு முன்னால் கழுத்து மாடல் நல்லா இருக்கு என்று சொல்லி என் ரவிக்கை ஒன்றைக் கேட்டு வாங்கிப் போய், நாலு நாள் கழித்துத் துவைத்துத் தந்தார். நான் பை கட்டுவதற்கு எவ்வளவோ முன்னால், தங்கை ஊருக்குப் போகிறாள் என்று இவர் துணி எடுத்து, அளவு கொடுத்து, தையற்காரரிடம் அலைந்து வாங்கி வைத்திருக்கிறார். அதன் பிறகு நான் என்ன செய்தும் அவர் அதை அலுமாரிக்குள்ளேயே வைத்துவிடவில்லை. கொடுக்க வேண்டியதைக் கொடுத்தார்.

என் நெற்றியில் குங்குமம் வைக்கும்போது அவர் விரல் வழக்கம் போலத்தான் இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் தட்டுகளை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் சமையலறைக்குள் போனேன். வேறு யாரும் அங்கே இல்லை. குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

“அக்கா, நான் யோசிக்காம செஞ்சுட்டேன்” என்றேன்.

அவர் தட்டைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

“தெரியும். யோசிச்சு செஞ்சிருந்தா அன்னைக்கே ஒங்களோட சண்ட போட்டிருப்பேன் டீச்சர். யோசிக்காமத்தானே செஞ்சீங்க. அதுக்கு என்ன சொல்லுறதுன்னு எனக்குத் தெரியல.”

அப்புறம் குழாயை மூடிவிட்டு, ஈரக் கையை உதறினார். “ஏர்போட் வான் வந்துரும். போய் முகத்தக் கழுவுங்க” என்றார்.

நான் முகம் கழுவவில்லை. நேராக அந்த அறைக்குள் போனேன். கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, அலுமாரி மேலிருந்த பையை எடுத்தேன். சக்கரப் பெட்டியின் மேல் என் முழங்கை இடித்தது, அதை நேராக நிமிர்த்தி வைத்தேன். யாரையும் கேட்கவில்லை. பையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வரவேற்பறை வழியாக, அவர் கணவரும் மகளும், வழியனுப்ப வந்த பக்கத்து வீட்டுக்காரர்களும் பார்த்துக்கொண்டிருக்க, முன்வாசலில் இறங்கி வேனுக்குப் போனேன். பக்கத்து வீட்டு அம்மா, “இன்னும் சாமான் இருக்கா மிஸ்? கண்டியவே கொண்டு போறீங்களா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா வாசல்படியில் நின்றார். சிரிக்கவில்லை, முகம் கோணவும் இல்லை.

“வெயிட் கூடுமே டீச்சர்” என்றார்.

“கூடட்டும்க்கா.”

“ஏர்போட்ல நிப்பாட்டுவாங்க.”

“நிப்பாட்டட்டும்.”

அவர் தன் மகளைப் பார்த்தார். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்தத் தடவை நேராக என்னைப் பார்த்தாள். பொங்கலுக்கு வருவீர்கள்தானே என்று கேட்க எனக்கு வாய் வரை வந்தது. கேட்டிருந்தால் அவர் அத்தனை பேர் முன்னாலும் ஆமாம் என்று சொல்லியிருப்பார். மரியாதை தெரிந்தவர். அப்படி ஒரு ஆமாமை வாங்கிக்கொண்டு வண்டி ஏற எனக்கு மனசில்லை.

வண்டி கிளம்பும்போது ஜன்னல் பக்கம் வந்தார். “மகளப் போன் கோல் எடுக்கச் சொல்லுங்க. போய்ச் சேந்ததும்” என்றார். நீங்க எடுங்க என்று சொல்லவில்லை. மகளை.

பிலிமத்தலாவையில் வண்டி நெரிசலில் நின்றது. டிரைவர் பையைப் பின்னால் வைத்துவிடவா என்று கேட்டார். வேண்டாம், மடியிலேயே இருக்கட்டும் என்றேன். ஒரு வருடமாக இந்தச் சாலையோரக் கடைகளைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அக்கா கூட இருந்தால் ஏதாவது விலை சொல்லுவார், ஏமாந்துறாதீங்க என்பார். விமான நிலையத்தில் நிறுத்தத்தான் செய்தார்கள். தேயிலைப் பொட்டலங்களையும் சில புத்தகங்களையும் எடுத்து, வழியனுப்ப வண்டியில் கூட வந்த பள்ளி அலுவலர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, பையை வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சேர்ந்த அன்றே மகள் கேட்டுவிட்டாள், இந்தப் பழசையெல்லாம் ஏன்மா திரும்பத் தூக்கிட்டு வந்தே என்று. சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். நோயில் கிடந்தபோது அவளுக்குக் கஞ்சி ஊட்டியவரைப் பற்றிய விஷயம். என்னைப் பற்றி அவள் என்ன நினைப்பாளோ என்று பயந்தேன். கடைசியில் சொன்னேன். நீ அவங்களுக்குப் போய் அதைக் குடுத்தியா என்று அவள் கேட்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். கேட்டது வேறு: “நம்ம தெரு கூட்டற அம்மாவுக்குக் குடுத்தா மட்டும் சரியா?” அவள் எழுந்து போய்விட்டாள். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

மூன்றாம் நாள் நான் முடிச்சை அவிழ்த்தேன். இறுகிப் போயிருந்தது, பல்லால் கடித்துத்தான் இளக்க வேண்டியிருந்தது. சேலைகளைத் துவைத்து மடித்தேன். தினமும் ஒன்றாகக் கல்லூரிக்குக் கட்டிக்கொண்டு போகிறேன். சாயம் மங்கியதுதான், ஆனால் இன்னும் சில வருடம் உழைக்கும். வேறு யாருக்கும் அவற்றைக் கொடுக்கப் போவதில்லை. அரக்குச் சேலையை இன்னும் கட்டவில்லை. கட்ட வேண்டிய நாள் எது என்று எனக்குத் தெரியும், அது வருமா என்றுதான் தெரியாது.

மகள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வீடியோவில் அவர்களைக் கூப்பிடுகிறாள். நான் கூடத்திலேயே சுற்றிக்கொண்டிருப்பேன், திரைக்குள் போக மாட்டேன். இந்த ஞாயிறு இரண்டு பெண்களும் வெகு நேரம் பேசினார்கள். பிறகு அக்காவின் குரல் கேட்டது. சளி விட்டதா, பரீட்சைக்குப் படிக்கிறாயா என்றெல்லாம் மகளிடம் கேட்டார். அப்புறம், கொஞ்சம் நிறுத்தி, “ஒங்க அம்மா அந்தப் பைய என்ன செஞ்சாங்க?” என்றார்.

மகள் தொலைபேசியை அப்படியே என் பக்கம் திருப்பிவிட்டாள். நான் அந்தச் சேலைகளில் ஒன்றைக் கட்டிக்கொண்டு, கையில் துவைத்த துணியோடு நின்றிருந்தேன். ஒளிந்துகொள்ள இடமில்லை.

அக்கா பார்த்தார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அவருக்குப் பின்னால் வரவேற்பறைச் சுவர் தெரிந்தது. சக்கரப் பெட்டி கீழே வந்திருக்கிறதா என்று என் கண் தேடியது. திரையில் அந்த மூலை தெரியவில்லை.

“நல்ல சேலைதான்” என்றார்.

சிரித்தாரா என்று பார்ப்பதற்குள் நெட்வொர்க் போய்விட்டது. மகள் திரும்பக் கூப்பிடுவதா என்று கேட்டாள். அடுத்த ஞாயிறு கூப்பிடு என்று சொன்னேன். பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கிறது.